சிரிப்புக்கு விளக்கம் சொன்ன ரெஜினா அக்கா

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மகளின் பள்ளிச் சட்டையை அயர்ன் செய்துகொண்டிருந்தேன். கோயில் பாடல்குழுவில் என்னோடு பாடும் மேரி தொலைபேசியில் அழைத்தாள். "ரெஜினாக்கா மோசம் போயிட்டா. நித்திரையிலயே உயிர் போயிட்டுதாம்" என்றாள். சட்டையின் மற்றக் கையையும் அயர்ன் செய்து முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

பலெர்மோவில் தஞ்சம் கேட்ட தமிழர்களுக்கு ரெஜினா அக்காதான் மொழிபெயர்ப்பாளர். இதை வாசிக்கும் உங்களில் பலரின் கதை அவர் வாய்வழியாகத்தான் இத்தாலிய மொழிக்குப் போயிருக்கும். என் கதையும் அப்படித்தான்.

விசாரணை அறையில், இலங்கையில் அண்ணாவை வீட்டிலிருந்து பிடித்துச் சென்றதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "இதைச் சொல்லும்போது இவர் ஏன் சிரிக்கிறார்?" நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. அவர் நம்பாவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளர் தன் சொல் எதையும் சேர்க்கக்கூடாது. அக்கா அனுமதி கேட்டார். "இது அவளுடைய பதில் அல்ல, என் விளக்கம். என் பெயரிலேயே பதியுங்கள். பெரியவர்கள் முன்னால் அழுவது மரியாதையில்லை என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். பயத்தையும் சிரித்துத்தான் சமாளிப்போம்."

சொன்னதை உடனே எனக்கும் தமிழில் சொன்னார். எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றி எதுவும் பேசமாட்டார். "இஞ்சை அழலாம் பிள்ளை. ஆரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்."

அப்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"உன்னோட பெரிய கரைச்சல்" என்றார். அதையும், 'இவளோடு பெரிய தொல்லை' என்று அதிகாரிக்கு மொழிபெயர்த்தார்.

இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையான பெர்மெஸ்ஸோ கையில் கிடைத்த அன்று பல்லரோ சந்தையில் நல்ல மீனாக வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மறித்தார். "மீனுக்காகக் கதைச்சனான் எண்டு நாளைக்கு ஆரும் சொல்லக்கூடாது. கொண்டுபோய்ச் சமை. புளி கனக்க விடாதை."

அந்த விசாரணை அறையில் எங்களை யாரும் குறைவாக எண்ண அவர் விட்டதில்லை. அதை நினைக்கும்போது அழுகைக்கு முன்னால் பெருமைதான் வருகிறது.

பிற்காலத்தில் என்னைக் காணும்போதெல்லாம் கேட்பார். "நீ படிச்சனி. ரெண்டு பாஷையும் வடிவாக் கதைக்கிறாய். எனக்குப் பிறகு ஆர் இருக்கினம்?"

"அந்தக் கதையளைத் திரும்பக் கேக்க என்னால ஏலாதக்கா."

"எனக்கு மட்டும் ஏலுமெண்டு ஆர் சொன்னது?"

அடக்கம் முடிந்து வியா மக்வேதா தெரு வழியே நடந்து வரும்போது மேரி சொன்னாள், மன்னாரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். தமிழுக்கு ஆளில்லை. இனி எப்போது கூப்பிடுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அவருடைய அந்தக் கடைசிக் கேள்விதான். திங்கட்கிழமை அந்த விசாரணை அலுவலகத்துக்குப் போய், மொழிபெயர்க்க என் பெயரைக் கொடுக்கப்போகிறேன். இதை எழுதும்வரை வீட்டில்கூட யாருக்கும் சொல்லவில்லை.