காதில் வெட்டுள்ள ஆடுகள்

சென்ற சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன்.

நானா? ஆமாம், நானேதான். கறிக்கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிற நான், பத்து கிடாய்களை ஏற்றிய மினி லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன்.

எல்லாம் பேச்சியம்மாளால் வந்தது.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் ஏழு வருடமாகப் பாத்திரம் தேய்ப்பவர் பேச்சியம்மாள். எங்கள் வீட்டைச் சேர்த்து எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் வேலை. கணவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். ஒரே மகள் செல்வி, இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். படித்தால் நர்சிங்தான் என்று பிடிவாதம்.

"காலேஜ் செலவ நெனச்சுக் கவலப்படாத பேச்சி. நேரம் வரும்போது கேளு, நான் தாரேன்." இரண்டு வருடம் முன்பு பெருமையாக இப்படிச் சொன்னவள் நான். சொல்லும்போது கையில் பணமும் இருந்தது.

அந்தப் பணத்தை என்ன செய்தோம் தெரியுமா? மெயின் ரோட்டில் ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, வாசலில் சல்யூட் அடிக்க ஆள் நிறுத்தியிருந்த ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டோம். பேங்க்கைப் போல இரண்டு மடங்கு வட்டி! போடச் சொன்னது என் கணவர். அவர் பள்ளிக்கூடத்தில் நடத்துகிற பாடம்? காமர்ஸ்.

பேச்சியம்மாளையும் சேரச் சொல்லி நச்சரித்தேன். மாதம் நூறு ரூபாய் போட்டால் போதும் என்றேன்.

"எனக்கு அதெல்லாம் வெளங்காதுக்கா. நான் எங்கண்ணன்ட்ட குடுத்து வைக்கேன்."

அண்ணன் மாடசாமி விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்தில் ஆடு மேய்ப்பவர். அண்ணனிடம் கொடுத்தால் திரும்பி வருமா? பாவம், ஏமாளி... என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் அந்தக் கண்ணாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது.

போன மாதக் கடைசியில் செல்விக்கு மதுரையில் சீட் கிடைத்தது. முதல் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம், பதினைந்து நாளில் கட்ட வேண்டும். கடம்பூர் போளிப் பொட்டலத்தோடு பேச்சியம்மாள் வந்து நின்றார். வாங்கிக்கொண்டேன். ஒரு விள்ளல்கூட உள்ளே இறங்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் அவர் வருகிற நேரம் பார்த்துக் குளிக்கப் போனேன். வேறென்ன செய்ய? நாலாம் நாள் தாங்க முடியாமல் உடைத்துச் சொல்லிவிட்டேன்.

"பேச்சி, நான் தாரேன்னு சொன்ன பணம் இல்ல. அந்தக் கம்பெனியப் பூட்டிட்டுப் போயிட்டான். என்ன செய்யன்னே தெரியல..."

அவர் கையிலிருந்த சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எக்கா, இதுக்கா மூஞ்சிய மறைச்சிக்கிட்டுத் திரிஞ்சிய? ஒங்க பணம் போன வருத்தம் ஒங்களுக்கு. வெள்ளிக்கிழம ஒரு வேலையும் வச்சிக்கிடாதிய. எங்கூட வாங்க."

போனேன். விளாத்திகுளத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, அப்புறம் ஒரு மைல் நடை. கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. புல் எங்கே இருக்கிறது, ஆடு எதைத் தின்கிறது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

சாயங்காலம் மந்தை திரும்பியது. கன்னி ஆடுகள்; அந்தப் பக்கத்து இனமாம். கன்னங்கரேலென்ற உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு. உயரமாக, மிடுக்காக, வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

"இதுல ஒன்னோடது எது பேச்சி?"

"காதுல வெட்டு இருக்கதெல்லாம் என்னுதுதான்க்கா."

பார்க்க ஆரம்பித்தேன். ஒன்று... மூன்று... ஏழு... பத்துக்கு மேல் விரல் போதவில்லை. மொத்தம் முப்பத்தொன்று!

ஆறு வருடம் முன்பு தீபாவளிக்கு மூன்று வீட்டிலும் கொடுத்த பணத்தில் வாங்கியது முதல் பெட்டைக்குட்டி. அண்ணன் வளர்ப்பார், பிறக்கிற குட்டிகளில் அவருக்குப் பாதி, இவருக்குப் பாதி. இதற்கு 'வாரம்' என்று பெயராம்.

"எங்க வீட்டுக்காரவியளுக்கு டி.வி. வாங்கணும்னு ரொம்ப ஆச. ஒரு வருசம் பொறுங்கன்னு சொல்லி, அந்த ரூவாய்க்கு மூணு குட்டி வாங்கினேன். அந்தா, அந்த வேலியோரம் நிக்கதெல்லாம் அந்த மூணோட வம்சம்."

"நோய் நொடி வந்தா?"

"வந்துச்சே! ஒரு மழைக்கு ஆறு செத்துப்போச்சு. ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. பெறவு என்ன செய்ய... மறுபடி ரெண்டு வாங்கிவிட்டேன்."

"பேங்க்ல போட்டிருக்கலாமே?"

"காசா இருந்தா, கேக்கவியட்ட இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராதுக்கா. மைனி கேப்பா, பக்கத்து வீட்டுக்காரி கேப்பா. ஆடா நின்னா, ஒரு காலக் கழத்திக் குடுன்னா கேப்பாவ?"

ஏழு வருடம் என் வீட்டு அடுப்படியில் நின்றவர். இப்படி ஒன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு நாள் காட்டிக்கொண்டதில்லை. நானும் ஒரு நாள் கேட்டதில்லை.

மறுநாள் விடியற்காலையில் பத்து கிடாய்களைப் பிரித்து ஏற்றினார்கள். கடைசிக் கிடாய் ஏற மறுத்து அடம்பிடித்தது. "ஏலே, ஏறுலே..." என்று அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்த பேச்சியம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்விக்காக விற்கிறார். ஆனாலும் விற்பது வளர்த்த உயிரையல்லவா?

சந்தையில் இரண்டு மணி நேரம் பேரம். கிடாய்க்கு ஆயிரத்தில் ஆரம்பித்த வியாபாரி ஆயிரத்து இருநூற்றைம்பதுக்கு வந்தார். அண்ணனின் மந்தையை அவருக்கு ஏற்கெனவே தெரியும் போல. மெதுவாக ஒரு கொக்கி போட்டார்.

"ஏம்மா, நல்ல பெட்டைய ரெண்டு நிக்கிதுல்லா. அதையும் தந்தா இன்னிக்கே நாலாயிரம் கூடத் தாரேன்."

நாலாயிரம்! நானாக இருந்தால் உடனே தலையாட்டியிருப்பேன். புள்ளைக்கு ஹாஸ்டல், துணிமணி, எவ்வளவு செலவு இருக்கிறது?

பேச்சியம்மாள் யோசிக்கவே இல்லை.

"பெட்டையத் தொடாதிய அண்ணாச்சி. அது அடுத்த வருசத்துப் பீசு."

திங்கட்கிழமை பீஸ் கட்டியாயிற்று. ரசீதைக் கொண்டுவந்து காட்டினாள் செல்வி. அதை வாங்கிப் பார்த்தபோது என் கண் கலங்கியதை அவள் கவனித்தாளோ என்னவோ.

செவ்வாய்க்கிழமை வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "பேச்சி, எனக்கும் ரெண்டு பெட்டைக்குட்டி பிடிச்சு ஒங்க அண்ணன்ட்ட விட்டுத் தருவியா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாரேன்க்கா. ஆனா வாரத்துக்கு ஒருக்க போன் போட்டு, எத்தனையாச்சு எத்தனையாச்சுன்னு எங்கண்ணன உசுர வாங்கப்படாது!"