வண்டியே இல்லாத வீட்டுக்கு வண்டி இழுக்க வந்தவர்

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து வாட்சப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: "தாரிக் குணா போயிட்டாராம். விடியக்காலையில, ஈப்போ ஆஸ்பத்திரியில. மாரடைப்பு." அதற்குக் கீழே ஒருவர், "இனிமே வண்டியை வாசல்லயே நிறுத்தலாம் லா" என்று எழுதிச் சிரிக்கிற முகம் ஒன்றை ஒட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் போனை டாஷ்போர்டில் விட்டெறிந்தேன். எழுதியவர் பெயரைச் சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும். மறுநாள் துக்க வீட்டுக்கு என் வேனில்தான் ஏறி வந்தார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலாய் மொழியில் தாரிக் என்றால் இழுப்பது. கடனில் எடுத்த வண்டிக்குத் தவணை கட்டாமல் விட்டால், வங்கியின் சார்பில் ஓர் ஆள் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போவார். பிரிஞ்சாங் கடைத்தெருவிலிருந்து திரிங்காப் பூத்தோட்டங்கள் வரைக்கும் அந்த ஆள் குணசேகரன்தான். கறுப்புத் தொப்பி, நரைத்த மீசை, ஒரு மஞ்சள் இழுவை லோரி. அந்த லோரி மேட்டில் முனகிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டாலே எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் பாதிப் பேர் கார்ச் சாவியைத் தேடி ஓடுவார்கள். சும்மா சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் கோயில் கொட்டகைக்குப் பின்னால் காரை ஒளித்து வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கியா பார்ம் சந்தையில் காய்கறி வியாபாரம் செய்த ஒருவர் தன் காரின்மேல் தார்ப்பாயைப் போர்த்தி, அதன்மேல் முட்டைக்கோஸ் கூடைகளை அடுக்கி வைத்திருந்தார். குணா அண்ணன் வந்தார். கூடைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "முட்டைக்கோஸ் நல்லா விளைஞ்சிருக்கு முதலாளி. நாலு டயரோட விளைஞ்சிருக்கு" என்றார். வியாபாரி உட்பட அங்கிருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த வாயை மூடுவதற்குள் கார் லோரிமேல் ஏறிவிட்டது. அவர் நல்லவர் என்பதற்காக வண்டியை விட்டுவிட்டுப் போனாரென்று நினைத்துவிடாதீர்கள். என் சித்தப்பா மகனுடைய காரையும் இழுத்தவர் அவர்தான். அவன் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆனால் அந்தக் காரை இழுத்த நாளில் நான் பக்கத்தில் நின்று ஒன்றைப் பார்த்தேன். சங்கிலியை மாட்டுவதற்கு முன்னால் குணா அண்ணன் லோரி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பையை உருவினார். சந்தையில் காய்கறி போட்டுக் கொடுக்கிற சாதாரணப் பை. அதை உதறி விரித்து என் சித்தியிடம் நீட்டினார். "சாமி, செருப்பு, டிபன். எல்லாத்தையும் எடுத்துக்குங்கம்மா. வங்கிக்குப் பாத்தியப்பட்டது வண்டி மட்டும்தான்" என்றார். சித்தி திட்டிக்கொண்டேதான் எடுத்தார். முருகன் பொம்மை, மழைச் சட்டை, பிள்ளையின் செருப்பு, பின்சீட்டில் கிடந்த சீப்பு. அதுவரை குணா அண்ணன் அவசரப்படாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றார்.

என் கதைக்கு வருகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் பதின்மூன்று பேரைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் பிழைப்பு. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருடைய சேமிப்பை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி எடுத்த வேன் அது. ஒரு மழைக்காலை பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், ரோட்டோரம் வேனை நிறுத்திவிட்டு நாசி லெமாக் சோறு வாங்கப் போனேன். பொட்டலத்துக்குக் கை நீட்டுகிறேன், பின்னால் இடி இடித்த மாதிரி ஒரு சத்தம். பிரேக் பிடிக்காத காய்கறி லோரி ஒன்று என் வேனை மலைச்சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ஐயோ சாமி! அரை மணி நேரத்துக்கு முன்னால் அதில் பதின்மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

வேனுக்கு முழு இன்சூரன்ஸ் இருந்தது. போலீசில் புகார் எழுதிக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டு, இதைப் பழுது பார்க்கிற செலவுக்கு வேறு வண்டியே வாங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் நான் செய்தேன் பாருங்கள், ஒரு முட்டாள்தனம். வண்டிதான் போய்விட்டதே, இனிமேல் தவணை எதற்கு, இன்சூரன்ஸும் வங்கியும் அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று கட்டுவதை நிறுத்திவிட்டேன். இன்சூரன்ஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் கோடு போட்டிருந்தது. அதைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடிவிட்டேன். வங்கிக் கடிதங்களும் வந்தன. அவற்றைப் பிரிக்காமலே அதே டின்னில் போட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். என் அப்பா வேறொரு தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர். இங்கிலீஷில் இருந்த ஒரு தாளில், தோட்டக் கணக்கரான கிராணி காட்டிய இடத்தில், கையெழுத்துப் போட்டார். தானாகவே வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தோட்டம் கொடுத்த வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு சட்டி பானையோடு நாங்கள் ரோட்டில் நின்றோம். அந்தப் பயம் எனக்கு இரத்தத்தில் ஊறியது. கையெழுத்துப் போட்டுவிட்டால் வேனும் போய் எல்லாமே போய்விடும் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஓடிவிட்டது. பிள்ளைகள் காய்கறி லோரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் படிவத்தில் படித்த பவித்ரா, அரசாங்கப் பரீட்சை எழுதவேண்டிய பிள்ளை, போக வழியில்லாமல் ஸ்ட்ராபெரிக் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் மஞ்சள் லோரி என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

"சரோஜா வீடு இதுதானேம்மா? வங்கியிலேருந்து வர்றேன். வேன் எங்க?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "வாய்யா, காட்டுறேன். முழுசா இழுத்துட்டுப் போ" என்று சொல்லி, அவர் லோரியிலேயே ஏறி, வேன் கிடந்த பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டறைக்குப் பின்னால் புல்லுக்குள் கிடந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். சுற்றி வந்தார்.

"இதை இழுக்க முடியாது தங்கச்சி. கூட்டித்தான் அள்ளணும்" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் லோரிக்குப் போய்ச் சிவப்புப் பையை எடுத்துவந்தார். "உள்ள இருக்கிற சாமானெல்லாம் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். அந்த மூன்று மாதத்தில் நான் ஒருமுறைகூட வேனுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை. இரும்புக் கம்பியால் நெம்பிக் கதவைத் திறந்தார். ஒரு கணக்குப் புத்தகம், ஒரு தண்ணீர்ப் போத்தல், யாருடையதோ இடதுகால் வெள்ளைச் சப்பாத்து. ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். அங்கேதான் நான் உடைந்து அழுதேன். என் சித்தி வீட்டு வாசலில் நின்ற மாதிரியே, அவர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுது முடித்த பிறகு கேட்டார்: "இன்சூரன்ஸ்ல என்ன சொன்னாங்க?"

"கடுதாசி வந்துச்சு. வச்சிருக்கேன்."

"வச்சிருக்கீங்கன்னா?"

"பிஸ்கட் டின்னுல."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்ததும், "முதல்ல கவரைக் கிழிங்க தங்கச்சி. பயமெல்லாம் அப்புறம் படலாம்" என்றார். எல்லாவற்றையும் பிரித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார். மூன்று முறை சொல்ல வைத்தேன். விஷயம் இவ்வளவுதான்: வண்டியின் உரிமைப் பத்திரத்தில் வங்கியின் பெயரும் இருப்பதால், இன்சூரன்ஸ் பணம் முதலில் வங்கிக்குப் போகும், கடன் தீர்ந்து மிஞ்சுவது எனக்கு வரும். அந்தத் தொகைக்குச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போடுவதற்குத்தான் அந்தக் கடிதம். "நீங்க போடாத வரைக்கும் ஒரு காசு நகராது. வட்டி மட்டும் நகரும். மிஞ்சவேண்டியதை அது தின்னுக்கிட்டிருக்கு. வேன் நசுங்கிப்போச்சு, கடன் நசுங்கல" என்றார். இன்னொன்றும் சொன்னார். இப்படியே விட்டால் என் பெயர் கெட்டு, அடுத்த வேனுக்கு எந்த வங்கியும் கடன் தராது.

"இதுல உங்களுக்கு என்ன வருது?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"ஒண்ணும் வராது. வண்டியை இழுத்தாத்தான் எனக்குக் கூலி. அந்தத் தகரத்துக்கு எவன் தருவான்? தேத்தண்ணி இருந்தாக் குடுங்க, அது போதும்."

தேத்தண்ணி கொடுத்தேன். இனிப்பு நீர் வியாதி இருக்கு, சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இனிப்புப் பால் டின்னைத் தன் பக்கம் இழுத்து மூன்று கரண்டி ஊற்றிக்கொண்டார். பின்னாளில் அதற்காக அவரை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! கேட்டால்தானே.

அன்றைக்கும் நான் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்ட ஆபிஸ் கிராணியிடம் கொண்டுபோய்க் காட்டி, அவரும் அதையே சொன்ன பிறகுதான் போட்டேன். குணா அண்ணன் இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பேர்கிட்ட கேட்டது நல்லது. நானே இழுக்கிறவன், என்னை எதுக்கு நம்பணும்?" என்றார்.

பணம் வந்து சேரும்வரை தவணையைத் தொடர்ந்து கட்டவேண்டும் என்று அவர் சொன்னபோது என் கையில் காசே இல்லை. பிள்ளைகளின் தாய்மார்கள் காதுக்கு விஷயம் போனது. கொழுந்து எடுக்கிறவர்கள், பூத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். இல்லாத வேனுக்கு அடுத்த மாத வேன் கூலியை முன்கூட்டியே கொண்டுவந்து கொடுத்தார்கள். "வேன் வந்ததும் கழிச்சுக்க அக்கா" என்றார்கள். அதை எப்படி மறப்பேன்?

ஈப்போவில் இருந்த வங்கி அலுவலகத்துக்குக் குணா அண்ணனே கூட வந்தார். மலையிறங்கி இரண்டு மணி நேரம். வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார், ஒரு பாட்டிலும் சுருதி சேரவில்லை. கடனை இன்றைக்குத் தீர்த்தால் எவ்வளவு என்று வங்கி எழுதிக் கொடுக்கிற கடிதத்தைக் கையில் வாங்கி, "முன்கூட்டியே தீர்க்கிறதுக்கு வட்டியில கழிவு உண்டு. கழிச்சிருக்காங்களான்னு பாருங்க" என்று என்னையே பார்க்க வைத்தார். கழித்திருந்தார்கள். அடுத்து இன்சூரன்ஸ் அலுவலகம். கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் வேன் சாவியையும் ஒப்படைக்கவேண்டியிருந்தது. நான் சாவிக் கொத்தோடு நீட்டினேன். "சாவியைக் குடுங்க, பிள்ளையாரை எதுக்குக் குடுக்கறீங்க?" என்று வளையத்தில் தொங்கிய பிள்ளையாரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

பணம் முதலில் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. மிஞ்சியது எனக்கு வந்தது. நான் முதலிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடக் குறைவுதான். ஆனாலும் பழைய வேன் ஒன்றுக்கு முன்பணம் கட்டப் போதுமாக இருந்தது. என் பெயர் கெடவில்லை, கடனும் கிடைத்தது. முதல் நாள் காலையில் வாசலில் ஹாரன் அடித்ததும் பவித்ரா சீருடையோடு ஓடிவந்து முன்சீட்டில் ஏறினாள். இப்போது ஈப்போவில் தாதிப் பயிற்சி படிக்கிறாள்.

அந்த வேனில்தான் குணா அண்ணனை வழியனுப்பப் போனோம். பதினோரு பேர். அதில் ஏழு பேருடைய வண்டியை அவர் இழுத்திருக்கிறார். என் சித்தப்பா மகன் வரவில்லை. ஆனால் மாலைக்குப் பணம் கொடுத்தனுப்பினான். தகனம் முடிந்து பிரிஞ்சாங்கில் இருந்த அவர் வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்திருந்தபோது, அவர் வேலை செய்த இழுவைக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மஞ்சள் லோரி கம்பெனிக்குச் சொந்தம். எடுத்துப் போகவேண்டும். வாசலிலேயே நின்று லோரியையும் தரையையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அவர் மனைவி லெட்சுமி அக்கா புரிந்துகொண்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று நான் எழுந்து ஓடினேன். லோரி சீட்டுக்கு அடியில் கை விட்டேன். இருந்தது. ஒரு கட்டுச் சிவப்புப் பைகள். ஒன்றை உருவி, உதறி விரித்து, அக்காவிடம் நீட்டினேன்.

"சாமி, செருப்பு, டிபன். எல்லாத்தையும் எடுத்துக்குங்க அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். அழுதுகொண்டே சிரித்துவிட்டார். கறுப்புத் தொப்பி, கழுவாத டிபன் கேரியர், ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு. டாஷ்போர்டில் பசை போட்டு ஒட்டியிருந்த முருகன் மட்டும் வரவில்லை. அப்போது வாட்சப்பில் அந்தச் சிரிக்கிற முகத்தைப் போட்டவர் எழுந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தன் சட்டைப் பையிலிருந்த சின்னக் கத்தியால் பசையைச் சுரண்டிச் சுரண்டி, பொம்மை உடையாமல் எடுத்து, பைக்குள் வைக்காமல் அக்கா கையிலேயே கொடுத்தார். கம்பெனி ஆட்கள் இரண்டு பேரும் அதுவரை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மிச்சமிருந்த பைகளை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். வேனில் வைத்திருக்கிறேன். கடிதம் வந்தால் அன்றைக்கே பிரிக்கிறேன்; லைன் வீட்டுக்காரர்கள் பிரிக்காமல் கொண்டுவரும் கவர்களையும் முதலில் அவர்களையே கிழிக்கச் சொல்கிறேன். அண்ணே, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். அந்தப் பிஸ்கட் டின்னில் இப்போது பிஸ்கட் இருக்கிறது. வேனுக்கு இன்னும் கொஞ்ச நாள் தவணை பாக்கி. இந்த மாதத்துக்குக் கட்டிவிட்டேன்.