மாமாவின் முப்பது குண்டுகள்

என் தாய்மாமாவுக்குத் துப்பாக்கி சுடவே தெரியாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் படித்த காலம் முழுக்க அவர் பக்கத்தில் நின்று சுட்டவள் நான். சுட்டதெல்லாம் செல்போன் விளையாட்டில்தான். அதற்காக நாங்கள் அதை லேசாக எடுத்துக்கொண்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

மாமா குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். நாங்கள் மார்க்கையன்கோட்டையில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு விளையாட்டுக்குள் வருவார். நான் அம்மாவின் போனில் உட்கார்ந்திருப்பேன். முகம் தெரியாத ஊர்களிலிருந்து இன்னும் பலர் வருவார்கள். ஆளுக்கொரு வேடம். கூட்டணி சேர்ந்து, இடிந்த கோட்டைக்குள் இருக்கும் பூதங்களைச் சுட்டுச் சுட்டு நிலை ஏற வேண்டும். நான் இருபத்து நாலாவது நிலை. மாமா பதினொன்று.

மாமா ஏறாததற்குக் காரணம் அவருடைய கட்டைவிரல். அந்தத் துப்பாக்கி தானாகத் தொடர்ந்து சுடும் வகை. பட்டனைத் தொட்டு விட்டால் இரண்டு மூன்று குண்டு போகும். அழுத்திப் பிடித்தால் முப்பதும் ஒரே மூச்சில் போய்விடும். முதல் மூன்று குண்டுதான் வைத்த குறியில் விழும். அதற்குப் பிறகு துப்பாக்கியின் வாய் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும், திரையின் நடுவில் இருக்கும் வட்டம் விரிந்துகொண்டே போகும், அந்த வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் குண்டு போகலாம். அரை நொடி விரலை எடுத்தால் வட்டம் பழையபடி சுருங்கிவிடும். நிலை ஏற ஏற வட்டம் விரிவது குறையும். கீழ்நிலை ஆள் பெரிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு அழுத்திப் பிடித்தால் வானத்தைத்தான் சுடலாம்.

மாமா வானத்தைத்தான் சுட்டார். முப்பது குண்டும் தீரும்வரை விரலை எடுக்கவே மாட்டார். தீர்ந்ததும் அடுத்த முப்பதைப் போட இரண்டரை நொடி ஆகும். அதுவரை வெறும் ஆளாக நிற்பார். பூதம் நிதானமாக நடந்துவந்து அவரை அடித்துப்போட்டுவிட்டுப் போகும். அந்த இரண்டரை நொடி அவருக்கு முன்னால் போய் நின்று சுடுவதே என் வேலையாக இருந்தது.

"விரல எடுங்க மாமா, எடுத்து எடுத்துச் சுடுங்க" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தலையில் அடித்துக்கொள்வேன்.

"எடுத்தா அது அடிச்சிருமே ஆத்தா" என்பார்.

அடுப்படியிலிருந்து அம்மா சிரிப்பாள். "அவன் சின்னதுல இருந்தே அப்படித்தான். தீவாளிக்குச் சரவெடியப் பிரிச்சு ஒண்ணொண்ணாப் போடுடான்னா கேக்க மாட்டான். மொத்தமாக் கொளுத்திட்டு, அப்புறம் ஊரான் வீட்டு வெடியப் பாத்துக்கிட்டு நிப்பான். எம் பங்கத்தான் எடுத்துக் குடுப்பேன்."

கல்யாணத்தையும் மாமா அப்படித்தான் செய்தார். எங்கள் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது வழக்கம். அம்மா இந்த வீட்டுக்கு வந்ததால் அப்பாவின் தங்கை, என் அத்தை, மாமாவுக்கு என்று பேசி முடித்திருந்தார்கள். பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. முகூர்த்தத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மாமா கட்டப்பனையில் ஒரு மலையாளத்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். முன்கூட்டி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பா வீடுவீடாகப் போய்ப் பத்திரிகைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அப்பா கோபக்காரர் இல்லை. அன்றும் அவர் சத்தம் போடவில்லை.

"இந்த வீட்ல யாரும் அவன்கூடப் பேசக் கூடாது. அவன் நம்பர் இந்தப் போன்ல இருக்கக் கூடாது" என்றார்.

அம்மா "சரிங்க" என்று சொல்லி அவர் எதிரிலேயே நம்பரை அழித்தாள். அடுத்து அப்பா என்னைப் பார்த்தார். விளையாட்டின் நண்பர் பட்டியலிலிருந்து மாமாவை நானே நீக்கினேன். உறுதியாக நீக்கலாமா என்று அது இன்னொரு முறை கேட்டது. எனக்கு அழுகையாக வந்தது. ஆம் என்பதை அமுக்கினேன். அதன்பிறகு வாரம் ஒருமுறை அப்பா போனை வாங்கி, யார் யார் அழைத்தார்கள் என்று பார்த்துவிட்டுத் தருவார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் யாரோ என்னோடு கூட்டணி சேரக் கேட்டார்கள். முதல் நிலை. பெயர் வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. வேடம், சிவப்புப் பாவாடை கட்டி, இடுப்பளவு சடை போட்ட ஒரு பெண். சரி, புதுசு, பாவம் என்று சேர்த்துக்கொண்டேன். கோட்டைக்குள் நுழைந்ததும் முதல் பூதம் வந்தது. சடைக்காரி துப்பாக்கியைத் தூக்கி, விரலை எடுக்காமல் முப்பது குண்டையும் வானத்தைப் பார்த்துச் சுட்டுத் தீர்த்துவிட்டு, கையைத் தொங்கப் போட்டு நின்றாள்.

ஓடிப்போய் முன்னால் நின்று பூதத்தைச் சுட்டேன். பிறகு எழுதும் கட்டத்தில் "மாமாவா?" என்று கேட்டேன்.

மலையில் சிக்னல் மோசம். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: "இல்ல ஆத்தா, நான் வேற ஆளு."

நானும் வேற ஆளிடம் பேசுவதுபோலவே பேசினேன். தினமும் ஐந்தரைக்கு வந்தார். மலைமேல் சிக்னல் விட்டுவிட்டு வரும். அவர் திரையில் குண்டு போவது தெரியும், ஆனால் விளையாட்டின் கணக்கில் ஒன்றும் ஏறியிருக்காது. அப்படியும் விடாமல் சுட்டார். அப்பா தோட்டத்திலிருந்து வர ஆறரை ஆகும். அழைப்புப் பட்டியலில் ஒரு நம்பரும் இல்லை. வீட்டையே ஏமாற்றும் சாமர்த்தியம் எனக்கு இருந்ததில் பெருமையாக இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயமும் இருந்தது.

ஒருநாள் அம்மா முருங்கைக்கீரையை உருவ முறத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை மறைக்க நேரமில்லை. சடைக்காரி வானத்தைச் சுட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் கை நின்றது.

"யாரு அது?"

"யாருன்னு தெரியாதும்மா. யாரோ விளையாடுறாக."

அம்மா குனிந்து பார்த்தாள். முப்பதும் தீர்ந்தது. "கையில இருந்ததெல்லாம் தீந்துபோச்சோ அவுகளுக்கு?"

"ஆமா. மறுபடி போடுறவரைக்கும் சும்மாதான் நிக்கணும்."

"அப்ப நீ என்ன பாத்துக்கிட்டு இருக்க? அவுகளுக்கு முன்னால போயி நில்லு."

போய் நின்றேன். பூதம் விழுந்தது. அம்மாவுக்கு விளையாட்டு இவ்வளவு சீக்கிரம் புரிந்துவிட்டதே என்று எனக்கு ஆச்சரியம்.

"சாப்பிட்டாகளான்னு கேளு" என்றாள்.

"தெரியாதவுகள எப்படிம்மா கேக்குறது?"

"சும்மா கேளு."

கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தது: "மத்தியானம் கப்பயும் மீனும்."

கப்பை என்றால் மலையாளத்தில் மரவள்ளிக்கிழங்கு. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். பிறகு, எங்கள் வீட்டில் மீன் வைத்த அன்று வாசலோடு திரும்பிவிடும் மாமா மீன் என்று எழுதியதே நல்லதாகப் போயிற்று, அம்மா சந்தேகப்பட மாட்டாள் என்று தோன்றியது. "மீனா!" என்றாள் அம்மா. அவள் கீரையை முறத்துக்கு வெளியே போட்டுவிட்டுக் காம்பை முறத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். வண்டியை நிறுத்தி உள்ளே வந்தவர் போனைப் பார்த்து, "யாருகூட விளையாடுறா?" என்றார்.

அம்மா தலை நிமிராமல், "யாரோ ஒரு பொம்பளப் பிள்ளைங்க. சடையெல்லாம் போட்டிருக்கு" என்றாள்.

அம்மாவை முழுக்க ஏமாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு ஐந்தரை மணிக்கு நான் போனை எடுக்கும்போதெல்லாம் சார்ஜ் நூறு இருந்தது. நெட்டும் ஒருநாள்கூடத் தீர்ந்துபோகவில்லை. நல்ல கம்பெனிப் போன் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.