மில்லை ஒளித்த தெரு

எங்கள் ஊர் திண்டிவனத்தை ஒட்டியது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தெருவில் தலைகாட்ட முடியாது, எல்லோரும் இன்னும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். தெருவின் நடுவில் இருக்கிற மாவு மில் என்னுடையது. வீட்டுக்காரர் போன பிறகு அதை விற்றுவிடச் சொல்லி ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அவர்கள் வாயை அடைப்பதற்காகவே மோட்டார் ஓட்டவும் தேய்ந்த அரவைக் கல்லைக் கொத்தவும் கற்றுக்கொண்டேன். கேப்பை, கோதுமை, அரிசி ஒரு மிஷினில், மிளகாயும் மல்லியும் இன்னொன்றில்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் பட்ட பாட்டைப் பட்டால் எப்பேர்ப்பட்ட சாதுவும் சாமியாடிவிடுவார்.

எங்கள் ஊருக்கு மாஸ்டர் பிளான் என்று ஒன்று வந்தது. எந்த இடத்தில் என்ன இருக்கலாம் என்று ஊர் முழுக்க வண்ணம் தீட்டிய படம். வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், வயலுக்குப் பச்சை. எங்கள் தெருவுக்கு ஆரஞ்சு. வீடும் இருக்கலாம், சின்னத் தொழிலும் இருக்கலாம் என்று அதற்கு அர்த்தமாம். சந்தோஷமாக மில் லைசென்ஸைப் புதுப்பிக்க நகராட்சிக்குப் போனேன். முடியாது என்றார்கள். படம் புதுசு, விதி பழசு. பழைய விதிப்படி எங்கள் தெருவில் வீடு மட்டும்தான் இருக்கலாம். படத்துக்கு ஏற்றபடி விதியை மாற்றும் வேலை நடக்கிறது, பொறுங்கள் என்றார்கள். படத்தில் இருக்கிறேன், விதியில் இல்லை, அப்படியானால் நான் இப்போது அரைக்கலாமா கூடாதா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் நெடுநேரம் யோசித்தார்.

"அரைங்க. ஆனா அரைக்காதீங்க" என்றார்.

பாவம், அவரை வைது என்ன ஆகப் போகிறது. அப்புறம் விசாரித்ததில் ஒரு விஷயம் தெளிவானது. புதிய விதி வரும்போது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற மில்லுக்கு அனுமதி உண்டு, புதிதாக ஆரம்பிக்கிற மில்லுக்குக் கிடையாது. மில் நிஜமாக ஓடுகிறதா என்று அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், தெருவில் விசாரித்து எழுதுவார். ஓடுகிறது என்று எழுதினால் பிழைத்தேன். எழுதாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு நான் சும்மா உட்கார வேண்டியதுதான். சும்மா உட்காருவது எனக்குத் தெரியாத தொழில்.

இதை நான் தெருவில் யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. மில் இரைச்சலில் எதை விளக்குவது?

எனக்கு இருந்த பயமெல்லாம் எதிர்வீட்டுக்காரரைப் பற்றித்தான். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மிளகாய்த் தூள் அவருக்கு ஆகாது. மிளகாய் மிஷின் ஓடினால் அவர் வீட்டிலிருந்து தும்மல் கேட்கும். ஒற்றைத் தும்மல் இல்லை, சரம் வெடிக்கிற மாதிரி வரிசையாக. தும்மி முடித்ததும் உட்கார்ந்து மனு எழுதுவார். நகராட்சிக்கு, தாலுகாவுக்கு, கலெக்டருக்கு, ஒரு தடவை ஆபீஸ் மாறி வனத்துறைக்கும் எழுதினார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவர் வீட்டம்மா மட்டும் பக்கத்து வீட்டு மிளகாயோடு தன் மிளகாயையும் கலந்து அனுப்புவார். கடையில் வாங்கிய பாக்கெட் தூள் என்று நினைத்துக்கொண்டு கணவர் குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுவாராம்.

ஆடி மாதம் பிறந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற ஊரே கேப்பையும் கையுமாக நிற்கிற சமயம். அந்த நெரிசலிலும் மில்லை என் நாத்தனாரிடம் விட்டுவிட்டு, கரண்ட் பில், பழைய லைசென்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் நகரமைப்பு ஆபீஸுக்கு பஸ் ஏறினேன். அதிகாரி எப்போது வருவார் என்று கேட்டு, காகிதங்களைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று திட்டம். காகிதங்களை வாங்கிக்கொண்டவர், எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன்.

"அங்கதாம்மா சார் போயிருக்காரு, இன்னிக்கு. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

அடுத்த பஸ்ஸில் ஏறி நாத்தனாருக்கு போன் போட்டேன். எடுத்தாள். மில்லில் இருந்து பேசுகிறாள், ஆனால் மோட்டார் சத்தமே இல்லை.

"ஆபீசரு எதிர்த்தெரு வரைக்கும் வந்துட்டாரு அண்ணி. நீ ஒண்ணும் கவலப்படாத. எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கினோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதன் பிறகு மணி அடித்ததே தவிர எடுக்க ஆளில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றபோது, இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் எங்கள் தெருவைப் பற்றிய பயம் வந்தது. அது வீண்போகவில்லை. எங்கள் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அரசாங்கத்திலிருந்து யார் வந்தாலும், எதற்கு வந்தாலும், முதலில் ஒளிப்பார்கள். காரணம் அப்புறம் கேட்டுக்கொள்வார்கள். தண்ணீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களைப் பிடிக்க வந்தால் மோட்டார்கள் தொட்டிலில் படுத்துத் தூங்கும். வீட்டுவரிக்கு அளக்க வந்தால் மாடியை வாடகைக்கு விட்டதே இல்லை என்பார்கள். மாடியில் குடியிருப்பவரே அதற்குச் சாட்சி சொல்வார். இதில் சண்டை சச்சரவு கிடையாது. ஒருவரையொருவர் முகம் பார்க்காத குடும்பங்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

நான் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது என் மில்லைக் காணோம். போர்டைக் கழற்றிவிட்டார்கள். வாசலில் பெரிய கோலம். மாவு மிஷின்மேல் போர்வை போர்த்தி, தலையணை வைத்து, துவைத்த பாவாடைகளைக் காயப்போட்டிருந்தார்கள். கூழுக்கு அரைக்க வந்த பெண்கள் அவரவர் தூக்குவாளிமேல் முந்தானையைப் பரப்பி உட்கார்ந்து, விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோடிவீட்டுக்காரரின் மகளை, நிறைமாதம் அந்தப் பெண்ணுக்கு, குறுக்கே கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு, ஆம்பிளைகள் உள்ளே வரக் கூடாது என்று அதிகாரியை வாசலிலேயே நிறுத்தியாகிவிட்டது. அதிகாரி தும்மிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் சளி என்று நாத்தனார் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது என் மில்லுங்க. நல்லா ஓடிக்கினு இருக்கிற மில்லு" என்று கத்தினேன்.

பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நான் பயத்தில் உளறுகிறேன் என்று நினைத்து ஒருத்தி என் கையைக் கிள்ளினாள். அதிகாரி பொறுமைசாலி. காலையிலிருந்து மற்ற தெருக்களில் இல்லாத கடைகளையெல்லாம் இருக்கிறதாகக் காட்டினார்களாம், ஒரு மாட்டுக்கொட்டகையில் ஜெராக்ஸ் கடை என்று நேற்று எழுதிய போர்டு தொங்கியதாம். நீங்களும் அப்படி ஒன்று காட்டுகிறீர்களா என்றார். போர்வையை இழுத்தேன், தலையணை பறந்தது. மிஷின் இருக்கிறது, ஓட்டுங்கள் என்றார். பெல்ட்டைக் காணோம். அதை மடித்து எடுத்துக்கொண்டு ஒருத்தி எப்போதோ தன் வீட்டுக்கு ஓடியிருந்தாள். மிளகாய் மிஷினின் ஃபியூஸ் யார் ஜாக்கெட்டுக்குள் இருந்தது என்று இன்றுவரை தெரியாது. காகிதங்கள் விழுப்புரத்தில். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். ஆத்திரத்தில் வந்த அழுகை அது. எனக்கு வேண்டியவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து, எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, என் கழுத்தை அறுத்திருந்தார்கள்.

சம்பந்தமில்லாத ஒருத்தரைக் கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறேன் என்று அதிகாரி திரும்பினார். அப்போதுதான் பார்த்தேன். எதிர்வீட்டுக் கேட்டில் கையை ஊன்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார். ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனையோ மனுவில் கிடைக்காதது அவருக்கு இப்போது வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. வீடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெருவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இது வீடா, மில்லா என்று அதிகாரி கேட்டார். எதிர்வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

"மில்லுதாங்க. தினம் ஓடுது. இந்தப் பொம்பளைங்க சொல்றதெல்லாம் பொய்" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்று தன் பெயரையும் கதவு எண்ணையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

பெண்களில் ஒருத்தி அவரைத் துரோகி என்று முணுமுணுத்தாள். காட்டிக்கொடுத்துவிட்டாராம். அதிகாரி எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகுதான் தெருவைக் கூட்டிவைத்து விஷயத்தை விளக்கினேன். விளக்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாத்தனார் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அந்தக் கேட்டைத் திறப்பது அதுதான் முதல் தடவை. வீடு என்று சொன்னால் நீங்கள் எழுதிய மனுவெல்லாம் பொய் என்று ஆகிவிடுமே என்றுதான் சொன்னீர்களா என்று கேட்டேன். நன்றி சொல்லத்தான் போனேன், வாயில் வந்தது இது. என் சுபாவம் அப்படி.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மில்லு போவணும்னு நான் ஒரு மனுவுலயும் எழுதலம்மா. வேணும்னா படிச்சுப் பாரு. தூசு போவணும்னுதான் எழுதியிருக்கேன்" என்றார். உள்ளே பார்த்து காபிக்குக் குரல் கொடுத்துவிட்டு, "உன் ஊட்டுக்காரரு போன மறுமாசமே நீ மோட்டார் போட்டியே. அந்தச் சத்தம் கேட்டப்புறம்தான் எங்க ஊட்ல நாங்க நிம்மதியா சாப்ட்டோம்" என்றார்.

அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்தார். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தோம்.