பூக்காரி மதலேனம்மாளும் ஏழு முழுக்கும்

கொள்ளேகாலம் பக்கத்து மார்ட்டள்ளியிலிருந்து மைசூருக்கு வாழ வந்த மதலேனம்மாளுக்குத் தெரிந்த கன்னடம் முழுவதும் தேவராஜ மார்க்கெட்டில் பூக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. ஒந்து, எரடு, மூரு என்று ஏளு, எண்டு வரை முழம் போட அது போதும். அதற்கு மேல் அந்த மொழியில் வேறு ஏதாவது இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

கணவர் பெயர் ஆரோக்கியசாமி. பெயர் வைத்தவர்கள் அவர் முட்டியைக் கேட்டு வைக்கவில்லை. கொத்து வேலைக்காரருக்குக் கீல்வாதம் வந்து, வருசக்கணக்காகக் கட்டிலே கதி. மாத்திரை, எண்ணெய், நேர்ச்சை மெழுகுவத்தி எல்லாம் பார்த்தாயிற்று. "உன் விசுவாசம் பத்தலை" என்று ஜெபக்கூட்டத்துப் பெண்கள் சொல்லிச் சொல்லி, அவர் நடக்காதது தன் குற்றம்தான் என்று அவள் நம்பிவிட்டாள். விசுவாசம் என்ன குழம்புக்கு உப்பா, குறைந்தால் இன்னொரு கை அள்ளிப் போட?

தொண்ணூற்று நாலில் ஜெபக்கூட்டத்துக்கு ஒரு கன்னடப் போதகர் வந்தார். ஆரோக்கியசாமியின் தலையில் கை வைத்து, மைக்கையும் விடாமல், "ஏளு, ஏளு" என்று கூரை அதிர முழங்கினார். ஆரோக்கியசாமி நாற்காலியின் கைகளைப் பிடித்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். போதகர் அடுத்த தலைக்குப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் மதலேனம்மாளுக்குப் பளிச்சென்று பட்டது. பைபிளில் குஷ்டரோகி நாமான் யோர்தான் ஆற்றில் ஏழு தரம் முழுகித்தானே சுகமானான்?

"ஏனுங்க, போதகர் ஏழுன்னு சொன்னாருங்களே, அது ஆத்துல ஏழு முழுக்குங்க. வர்ற சனிக்கிழமை நஞ்சன்கூடு போறோம்."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். "சரி புள்ள" என்றார்.

நஞ்சன்கூட்டில் கபிலை ஆற்றுப் படித்துறையில் மொட்டை போட வந்தவர்கள் கூட்டம். சவரக் கத்தியோடு ஒருவர் ஓடிவந்து ஆரோக்கியசாமியின் தலையைத் தடவிப் பார்த்தார். புரோகிதர் ஒருவர் கோத்திரம் கேட்டார். "ரோமன் கத்தோலிக்கம்" என்றாள் மதலேனம்மாள். அவர் அதற்கும் மந்திரம் சொல்லத் தயாராகத்தான் இருந்தார். "யோர்தானுக்கு பஸ் இல்லீங்க, ஆண்டவரே, பொறுத்துக்கங்க" என்று முணுமுணுத்துவிட்டுக் கணவரை முக்கினாள். மூன்றாவது முக்கில் அவர் வேட்டி தனியாக ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. அதைத் துரத்திப் பிடித்ததில் கணக்கு விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து முக்கினாள்.

முட்டி இருந்தபடியே இருந்தது. கூடுதலாகச் சளி பிடித்தது.

மறுவாரம் மார்க்கெட்டில், பக்கத்துக் கடை சென்னம்மா மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்த புருசனை "ஏளு, ஏளு" என்று உலுக்கினாள். அவன் ஏழு எதையும் எண்ணவில்லை. எழுந்து உட்கார்ந்தான்.

மதலேனம்மாள் கூடையைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினாள்.

"ஏனுங்க, அவரு எந்திரின்னு சொல்லியிருக்காருங்க. ஆண்டவர் வார்த்தைய நான் பூக்கணக்காக்கிட்டேன். என்னாலதான் உங்க சொகம் போச்சு" என்று அழுதாள்.

ஆரோக்கியசாமி மூக்கை உறிஞ்சினார். "எனக்கு அங்கயே வெளங்கிருச்சு புள்ள. எத்தன கன்னடக்காரங்களோட செவுரு கட்டியிருக்கேன்."

"அப்பறம் ஏனுங்க எந்திரிக்கல?"

"எந்திரிக்கப் பாத்தேன். முடியல. நீ ஏழு முழுக்குன்ன. சரி, அதுவாவது என்னால ஆகும்னு வந்தேன்."

அவளுக்கு அவர்மேல் கோபமும் வந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டு மிளகு ரசம் வைக்கப் போனாள். அடுப்படியில் நின்றபடியே ஜெபித்தாள்.

"ஆண்டவரே, முட்டி உங்க சித்தம். இந்தச் சளிய மட்டும் எடுத்துருங்க, அது நான் வெச்சது."