பதினோரு மாதமும் பத்து வருஷக் கூடையும்

மணவாள நகரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க மாடிப்படி ஏறி வருவார். வந்ததும் கதவு, குழாய், சுவர் எல்லாவற்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். நான் எதையாவது உடைத்திருப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கும்மிடிப்பூண்டியில் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் ஓர் ஆர்க்கிட் வாங்கியிருந்தேன். அது பக்கவாட்டில் படர்ந்து, சின்னத் தொட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. அடிக்கடி இடம் மாற்றினால் வேர் நோகும் என்று, பல வருஷம் தாங்கும் அகலமான, தேக்குச் சட்டங்களை இடைவெளி விட்டுக் கோத்த கூடையாகப் பார்த்து வாங்கினேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. அதனால் சன்னல் கம்பியில் கட்டினேன்.

மறுநாளே வந்து கூடையைத் தட்டினார். "இன்னா இது, இவ்ளோ பெருசு?"

"செடி படருதும்மா. இது பத்து வருஷம் வரும்."

"பத்து வருஷமா? உனுக்கு அக்ரிமென்ட்டே பதினோரு மாசம். இங்கியே தங்கிடலாம்னு பாக்கிறியா? எங்க நாத்தனார் ஊட்ல வாடகைக்கு வந்த ஒருத்தன் இப்டிதான் முருங்க வச்சான், அப்பறம் காலியே பண்ல. அவ இன்னும் கோர்ட்டுக்கு அலைஞ்சினு கீறா."

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். செடி வைத்ததால் சட்டப்படி எனக்கு வீட்டில் உரிமை வராது என்று பொறுமையாக விளக்கினேன்.

"சட்டம் வேற பேசுறியா?" என்றவர், பதினோரு மாதம் முடிந்ததும் அக்ரிமென்ட்டைப் புதுப்பிக்கவே இல்லை.

காலி செய்த அன்று கூடையைக் கழற்றப் போனேன். வேர்கள் சட்ட இடுக்கு வழியே வெளியே வந்து சன்னல் கம்பியோடு இறுக ஒட்டியிருந்தன. கத்தியை எடுத்ததும் என் கையைத் தட்டிவிட்டார்.

"அறுத்தா செத்துடும்டா, பாவி! அது இருக்கட்டும். நீ கெளம்பு."

பத்து வருஷம் தங்கப்போகிற செடியிடம் அவருக்கு ஏன் பயமே வரவில்லை என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.