கண்ணில் வைத்த பொட்டு

மின்சார ரயில் பெட்டிகளை நிறுத்திவைக்கும் அண்ணனூர் கார் ஷெட்டில் ரயிலுக்கே கரண்ட் ஓடியது. அதற்குப் பின்னால் இருந்த குடிசைகளுக்குத்தான் எண்பத்தெட்டு வரைக்கும் ஒரு கம்பம்கூட வந்து சேரவில்லை. அந்த வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னப் பட்டறை வைத்திருந்த ராஜசேகரன், சூரியன் போகிற பக்கமெல்லாம் தானே திரும்பும் ஒரு பலகையைச் செய்து அங்கே நட்டார். பலகை முழுக்கப் பூதக்கண்ணாடி. அவை வெயிலை அடியிலிருந்த சோலார் தகடுகள்மேல் குவித்துக் கொடுக்கும். அதில் வரும் கரண்டில் தண்ணீர் மோட்டார் ஓடும். குறி கொஞ்சம் தப்பினாலும் சொட்டுத் தண்ணீர் வராது.

குறி தப்பாமல் பார்த்துக்கொள்ள உச்சியில் ஒரு சின்ன டப்பா இருந்தது. அதில் நகமளவு இரண்டு கண்ணாடி. ஒன்றில் நிழல் விழுந்தால், இரண்டிலும் வெயில் சரிசமமாக விழும்வரை பலகை திரும்பும். பட்டறையில் அதற்குப் பெயர் 'கண்ணு'.

அதை மாட்டியவன் பட்டறையின் ஃபிட்டர் செங்கல்வராயன். பலகையைத் துடைத்துக் காவல் இருந்தவள் கெங்கம்மாள். புருஷன் செத்துப்போனபிறகு சித்தாள் வேலைக்குப் போய் முதுகு விட்டுப்போனவள். இந்த வேலை கிடைத்த பிறகுதான் மகள் சுசீலாவுக்கு மாப்பிள்ளை பார்க்கவே அவளுக்குத் தைரியம் வந்தது.

ஆயுத பூஜை வந்தது. லேத்திலிருந்து ஸ்பேனர் வரைக்கும் பொட்டு வைத்துவிட்டு இதை மட்டும் விட்டுவிட முடியுமா? செங்கல்வராயன் பலகையை நிறுத்திவிட்டு, கெங்கம்மாளையே வைக்கச் சொன்னான். தான் வைக்கக்கூடாது என்று அவள் நாலடி தள்ளி நின்றுகொண்டாள். அவனும் இடம் தேடித் தேடி, அந்தக் கண்ணின் மேலேயே குழையக் குழையச் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தான். மறுநாள் விடிந்ததும் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். பூஜைக்கு வைத்த பொட்டை எவனாவது துடைப்பானா? தானாக உதிரட்டும் என்று விடுவதுதானே பட்டறை வழக்கம்.

ஒரு கண்ணாடியைச் சந்தனம் மறைத்த பலகை, நிழல் என்று நம்பித் திரும்பிக்கொண்டே போனது. குவிந்த வெயில் ஒயரில் விழுந்து அதைப் பொசுக்கிவிட்டது. புகையைப் பார்த்துப் பட்டறைக்கு ஓடிவந்து சொன்னதே கெங்கம்மாள்தான்.

செங்கல்வராயன் ஏறிப் பார்த்தான். காய்ந்த சந்தனத்தைக் கண்டதும் காரணம் புரிந்துவிட்டது. நகத்தால் சுரண்டிவிட்டான். என்ன ஆச்சு என்று கீழேயிருந்து ராஜசேகரன் கேட்டார்.

"யாரோ கை வெச்ச மாதிரி கீது சார்."

பொய்யில்லை பாருங்கள். கை வைத்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டான், கில்லாடி! காவல் இருந்தவள்தானே பொறுப்பு என்று முதலாளி அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் இவனைப் போட்டுக் குடைந்தது. திருமுல்லைவாயிலில் புதிதாக எழும்பிய வீடுகளில் அவள் மறுபடி கலவைச்சட்டி தூக்குவதைப் பார்த்தால், சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுவான். பாவி, வாயை மட்டும் திறக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைக்கக் கை ஓடவில்லை. பொரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். கெங்கம்மாள் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"நல்ல நாள்ல என் எதிர்ல வராத நைனா. அன்னிக்கு நீ பொட்டு வெக்கிறப்போ எதிர்ல நின்னுகினு இருந்தேன் பாரு, அதான் மெஷினு எரிஞ்சிச்சு. தாலி அறுத்தவ நிக்கலாமா?"

சந்தனத்தை எங்கே வைத்தான், எப்படிச் சுரண்டினான், முதலாளியிடம் என்ன சொன்னான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இன்றைக்கே முதலாளியிடமும் சொல்லி அவள் வேலையைத் திரும்ப வாங்கித் தருவதாகச் சொன்னான்.

வேலையைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"அப்போ, நான் நின்னதால இல்லியா?"

"இல்லக்கா. என்னாலதான்."

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஆவணியில்தான் சுசீலாவுக்குக் கோயிலில் கல்யாணம் நடந்தது. மெஷினையே எரித்த தன் கண் மகள் தாலிமேல் படக்கூடாது என்று, கெட்டிமேளம் கொட்டும்போது அவள் மதிலுக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்றிருக்கிறாள்.

"அப்போ என் பொண்ணு கழுத்துல தாலி ஏறுறத நான் பாத்திருக்கலாமா நைனா?"